திரையில் நின்றது, சங்கிலி நிற்கவில்லை

திரையில் பச்சை எழுத்தில் ‘நின்றது’ என்று வந்துவிட்டது. நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் டீ குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஏலக்காய் வாசனை மட்டும் மிச்சம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜிங்க் தொட்டியின் ஓரத்தில் நின்றிருந்த லூர்து அண்ணன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிரேன் ஓட்டுவது அவர்தான். மேலேயிருந்து தொங்கும் பட்டன் பெட்டி அவர் வலது கையில் இருந்தது. வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. என் அறையில் ஏ.சி. இரைச்சல். மைக்கை ஆன் செய்தேன்.

“இன்னாண்ணே?”

“சத்தம் வர்ல மேடம்! நிறுத்துனா டக்குனு ஒரு சத்தம் வருமே, அது வர்ல!”

நான் மறுபடியும் திரையைப் பார்த்தேன். பச்சை. ‘நின்றது’.

“நின்னுடுச்சுண்ணே. ஸ்கிரீன்ல காட்டுது. நீங்க அங்கயே இருங்க.”

அவர் நம்பினார். இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான். வயசில் பாதியை கிரேனுக்குக் கீழே கழித்த மனிதர், தன் காதை விட்டுவிட்டு என் கண்ணாடி அறையை நம்பினார். என் பக்கம் முகத்தைத் திருப்பி, சரி என்று தலையாட்டினார்.

அவருக்குப் பின்னால் இரும்புக் கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

வேகமாக ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து கீரைக்காரம்மாவுக்குக் கூடையைக் கயிற்றில் விடுவார்களே, அந்த நிதானம்.

ஒரு முழம்

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டுமே, அதற்கென்ன’ என்று தோன்றும்.

திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகிற வழியில் ஒரு பெரிய கொட்டகை. பெயர் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க் பூசுகிற இடம். மின்கோபுரத்துக்குப் போகிற இரும்புச் சட்டங்கள் கட்டுக் கட்டாக வரும். ஆசிட்டில் கழுவி, தண்ணீரில் அலசி, சங்கிலியில் கட்டி கிரேனில் தூக்கி, உருகிய ஜிங்கில் முக்கி எடுப்பார்கள். தொட்டி ஒரு லாரி நீளம் இருக்கும். மேலே பார்த்தால் பாலாடை மாதிரி அசையாமல் கிடக்கும். அது அசையாமல் கிடப்பதுதான் பயமே.

ஈரத்தோடு இரும்பை அதில் இறக்கக் கூடாது. தொட்டிக்கு ஒரு முழம் மேலே நிறுத்தி, அந்தச் சூட்டிலேயே நன்றாகக் காய வைத்துத்தான் முக்க வேண்டும். கொதிக்கிற எண்ணெயில் ஈரக் கரண்டியைப் போட்டவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். இங்கே எண்ணெய் இல்லை, உலோகம்.

அந்த ஒரு முழத்தில்தான் லூர்து அண்ணன் ‘நிறுத்து’ பட்டனை அழுத்தியிருந்தார். கட்டு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

பஸ்ஸும் எஞ்சினும்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் போன வாரம் கேட்டு எழுதியிருந்தார். மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாளாம். “புரோகிராம் எழுதுகிறவளுக்கு மெஷின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எதற்குத் தெரிய வேண்டும்? எதற்கு இந்தப் பாடத்தை வைத்து உயிரை வாங்குகிறார்கள்?” என்று அவள் கேட்கிறாளாம்.

ஐயா, உங்கள் மகள் கேட்ட கேள்வியை நான் அவளைவிட அழகாகக் கேட்டிருக்கிறேன். மேடை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு தோழியின் கல்யாண வரவேற்பு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஒரு மேசையில். பாதிப் பேர் பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்தார்கள். நான் மட்டும் தண்டையார்பேட்டையில், ஒரு குடோனுக்கு மேல் மாடியில், தொழிற்சாலை மெஷின்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சு இதே கேள்விக்கு வந்தது. நான் சொன்னேன்: “தண்டையார்பேட்டையில பஸ் ஏறி பாரிமுனை போறேன். எஞ்சின் எப்படி ஓடுதுன்னு படிச்சிட்டா ஏறுறேன்? ஸ்டாப் வந்தா இறங்குறேன், அவ்ளோதான்.”

மேசையே சிரித்தது. நான் இன்னொரு ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டேன். நான் அந்த பஸ்ஸில் பயணி இல்லை, டிரைவர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காலேஜில் அந்தப் பாடத்தை நான் எப்படித் தேறினேன் என்பது எங்கள் காலடிப்பேட்டை தெருவுக்கே தெரியும். கைடு வாங்கி, பரீட்சைக்கு முந்தின நாள் படங்களை மட்டும் மனப்பாடம் பண்ணி, எழுதிவிட்டு வெளியே வரும்போதே மறந்துவிட்டேன். புரோகிராம் எழுதுவதில் மட்டும் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. ஒரு வரி போட்டால் அது நடக்கும். நான் பூஜ்யம் என்று எழுதினால் மோட்டார் நிற்கும், ஒன்று என்று எழுதினால் ஓடும். கடவுள்கூட ‘உண்டாகக்கடவது’ என்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கு ஒரு எண் போதும் என்று ஒருமுறை திமிராகச் சொல்லி, சர்ச்சுக்குப் போகிற தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அந்த வரியைக்கூட மெஷினே எழுதித் தருகிறது. எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ‘இது எந்த ஒயர் வழியாகப் போகிறது’ என்று கேட்டால், கிழவியைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

பேட்டின் கைப்பிடி

அந்தக் கொட்டகையில் முன்பெல்லாம் பட்டனை அழுத்தினால் நேராக கிரேன் ஓடும். நடுவில் யாரும் இல்லை. எந்தச் சரக்கு எவ்வளவு நேரம் காய வேண்டும், எவ்வளவு நேரம் முங்க வேண்டும், எந்த நேரத்தில் எழும்ப வேண்டும் என்றெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். இனி பட்டன் என் புரோகிராமிடம் சொல்லும், என் புரோகிராம் கிரேனிடம் சொல்லும்.

அங்கே எலெக்ட்ரீஷியன் கஜேந்திரன். வியாசர்பாடிக்காரன், என் வயசுதான். என்னை ‘மேடம்’ என்பான், ‘நீ’ என்பான், இரண்டும் ஒரே மூச்சில். முதல் நாள் பேனல் பெட்டியைத் திறந்து காட்டினான். பீரோ உயரம். அதன் தலையில் உடைந்த கிரிக்கெட் பேட்டின் கைப்பிடி ஒன்று கிடந்தது. அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தது. ஆயுத பூஜை மிச்சம்.

“இன்னா கஜா இது, பேனல் மேல குப்பை?”

“குப்பையா? நல்லா சொன்ன போ. இது இல்லன்னா இங்க பேஜாரு மேடம்.”

உள்ளே கறுப்பாக, செங்கல் அளவில் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். கான்டாக்டர் என்பார்கள். பஸ் கண்டக்டர் இல்லை. பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்துகிற ஸ்விட்ச். உள்ளே ஒரு காந்தம் இழுக்கும், இரண்டு செம்புத் துண்டுகள் ஒட்டும், மோட்டாருக்குக் கரண்ட் போகும். காந்தத்தை விட்டால் ஸ்பிரிங் தள்ளும், துண்டுகள் பிரியும், மோட்டார் நிற்கும்.

“ஒட்றப்ப ஒரு டக்கு. பிரியறப்ப ஒரு டக்கு. சில தபா சூட்டுல செம்பு உருகி ஒட்டிக்கும். பல்ல கட்ச்சிகினு வுடாது. பட்டன நீ எத்தினி தபா அமுக்கு, ஓடிகினேதான் கீது. அப்ப இத்த எடுத்து மண்டையில ஒரு போடு. வுட்ரும்.”

“அடிக்கடி ஆவுமா?”

“எப்பனா ஒரு தபா. ஆனா ஆவும்.”

நான் சிரித்தேன். குங்குமம் வைத்த பேட் கைப்பிடியை நம்பி ஒரு தொழிற்சாலை! “இனிமே என் புரோகிராம் நிறுத்தும் கஜா. குச்சி வேணாம்” என்று சொல்லி, என் கையாலேயே எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டேன். மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. பேனல் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்றார்.

கஜா குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சண்டை போடவில்லை.

“சரி, குச்சிய எட்த்துட்ட. அப்ப நான் ஒரு ஒயரு இழுத்துத் தரேன். கான்டாக்டர் நெஜமாவே பிரிஞ்சாதான் அதுல ஒனக்கு சேதி வரும். ஒடனே வர்லன்னா மணி அடிக்க வெச்சிடு. செய்வியா?”

“செய்றேன்.”

செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். முதலில் செய்தேன்.

இரண்டு சாய்கோடு

மணி அடிக்க ஆரம்பித்தது. கிரேன் நன்றாகத்தான் நிற்கும், ஆனாலும் அடிக்கும். நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. அடித்தால் லைன் நிற்கும், லைன் நின்றால் மேனேஜர் என் அறை வாசலில் நிற்பார். “என்ன மேடம், பழசே தேவலாம் போலிருக்கே” என்பார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

நான் யோசித்தேன். ஒரு பக்கம் கடல் காத்து, இன்னொரு பக்கம் ஆசிட் ஆவி. என் கழுத்துச் சங்கிலியே பச்சையாகிக்கொண்டிருந்தது. அந்த ஒயரின் முனையும் அரித்துப்போயிருக்கும், அதனால் பொய்யாக அடிக்கிறது. நல்ல காரணம், கேட்க அறிவாகத்தான் இருந்தது. எழுந்து போய், இருபது அடி நடந்து, கஜாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளியே போனால் துப்பட்டாவில் ஆசிட் நாற்றம் ஏறும். போகவில்லை.

அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். புரோகிராமில் அப்படிப் போட்டால் அந்த வரி அழியாது, ஆனால் செத்துவிடும். பக்கத்தில் எனக்கு நானே ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘சும்மா சும்மா அடிக்குது. பிறகு பார்க்கலாம்.’

கஜாவிடம் சொல்லவில்லை. மணி நின்றதும், ஒயரின் முனையை நான் சரிபண்ணிவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

திரையில் காட்ட ஒரு வார்த்தை வேண்டும். என் புரோகிராம் நிறுத்தச் சொல்லி அனுப்பியவுடன் அது வரும். உள்ளபடி எழுதினால் ‘நிற்கச் சொல்லியாயிற்று’ என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன். நீளமாக இருந்தது, பெட்டிக்குள் அடங்கவில்லை. ‘நின்றது’ கச்சிதமாக அடங்கியது.

ஹெல்மெட்

லூர்து அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“கீய போவுது! லூர்துண்ணே, வெலகு! கீய போவுது!”

கஜாவின் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. மெயின் ஸ்விட்ச் கொட்டகையின் அந்தக் கோடியில். அங்கே ஓட நேரமில்லை. அவன் பேனலுக்கு ஓடினான். ஒரு கையால் கதவைத் திறந்தான், இன்னொரு கை தானாக மேலே போனது. பேனலின் தலையில் அவன் உள்ளங்கை தடவித் தடவித் தேடியதை நான் பார்த்தேன். பழக்கம். கைக்குத் தெரிந்த இடம். அங்கே ஒன்றும் இல்லை.

ஐயோ, நான்தான் எடுத்தேன். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் ஓங்கி அடித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் அவன் கையைச் சுட்டுக்கொண்டு நீலமாக ஒரு வெளிச்சம். டக்.

அதற்குள் கட்டின் ஒரு முனை ஜிங்கைத் தொட்டுவிட்டது.

தகர டிரம்மைக் கூரையிலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம். வெள்ளை வெள்ளையாகத் துளிகள் மேலே கிளம்பின. கஜா கத்தியபோதே லூர்து அண்ணன் பாய்ந்திருந்தார். அதனால் முகம் தப்பியது. இடது கை, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் தப்பவில்லை.

மைக் ஆனில் இருந்தது. கொட்டகை முழுவதும் ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நான்தான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

கையெழுத்து

மறுநாள் காலையில் மேனேஜர் அறையில் ஒரு காகிதம் தயாராக இருந்தது.

அதில் இருந்தது இவ்வளவுதான். கிரேன் சரியாக நின்றுவிட்டது, கம்ப்யூட்டர் பதிவில் ‘நின்றது’ என்று நேரத்தோடு இருக்கிறது. கிரேன் நின்ற பிறகும் கட்டு இறங்கியது என்றால், சங்கிலி நழுவியிருக்கிறது. சங்கிலியைக் கட்டியது லூர்து. எனவே கவனக்குறைவு லூர்துடையது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு உண்மை என்று.

லூர்து அண்ணன் கான்ட்ராக்ட் ஆள். அந்தக் காகிதம் போனால் அவர் கேட் பாஸ் போகும். இந்தப் பக்கத்தில் ஒரு யார்டில் கரும்புள்ளி விழுந்தால் எர்ணாவூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எந்த யார்டிலும் கிரேன் பெட்டியைக் கையில் தர மாட்டார்கள். வெந்த கையோடு மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு இது தெரியாது.

கேட்டில் அவர் மனைவி நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் ஏதோ சீட்டு கேட்டார்களாம், வாங்க வந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

“அவரு ஒயுங்காத்தான் கட்னேன்னு சொல்றாரு மேடம். ஊசி போட்டும் அத்தயேதான் சொல்லிகினு கீறாரு. கட்னது ஒயுங்காதானே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. என் புரோகிராம் பொய் சொல்லாது என்றுதான் நான் அப்போதும் நம்பினேன். பாவம் அந்த மனிதர், எங்கேயோ சங்கிலியில் கோட்டை விட்டுவிட்டார் என்று பரிதாபப்படக்கூடச் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பட்டேன்.

காகிதத்தைக் கையில் வாங்கி, பேனாவுக்காகப் பையைத் துழாவினேன். வாசலில் கஜா. வலது கையில் பேண்டேஜ், இடது கையில் ஒரு கேரி பேக்.

“ஒரு நிமிஷம் வெளிய வா.”

“கையெழுத்து போட்டுட்டு வரேன் கஜா.”

“போடறதுக்கு மின்ன வா.”

வராந்தாவில் கேரி பேக்கைக் கவிழ்த்தான். பிரித்துப் போட்ட கான்டாக்டர். குப்பைக்குப் போகும் முன் ராத்திரியே கழற்றி வைத்திருக்கிறான். மூன்று ஜோடி செம்புத் துண்டுகள். இரண்டு ஜோடி கரிந்திருந்தன. மூன்றாவது ஜோடியின் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஓடி, பிய்த்த இடத்தில் பளபளவென்று புண் மாதிரி இருந்தது.

“நீ படிச்சவதானே? இத்த படி.”

நான் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு.

“இது ஒரே நாள்ல ஆவறதில்ல மேடம். மொதல்ல லேட்டா பிரியும். அப்பால இன்னும் லேட்டா. அப்பால பிரியாது. லேட்டாவும்போதே என் ஒயரு ஒனக்கு சொல்லியிருக்கணுமே. இன்னா சொல்ச்சு?”

நான் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“மணி அடிச்சுதா இல்லியா?”

“அடிச்சுது.”

“அப்பால?”

உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு சாய்கோடு. பக்கத்தில் என் குறிப்பு. ‘சும்மா சும்மா அடிக்குது. பிறகு பார்க்கலாம்.’

மணி சும்மா அடிக்கவில்லை. நான் அதன் வாயை அடைக்கிற வரைக்கும், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, லூர்து அண்ணனின் கையைப் பற்றித்தான் அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சாய்கோடுகள் மேல் என் விரல் இருந்தது. அழித்துவிட்டால் போதும், குறிப்பும் போகும், யாருக்கும் தெரியாது. அந்தக் கொட்டகையில் அந்த மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதே நேரம் பார்த்து எங்கள் முதலாளி போனில் வந்தார். “கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பி வாம்மா. நம்ம சைடு கிளீன்னு அவங்களே எழுதிக் கொடுக்கிறாங்க, இன்னும் என்ன யோசனை?” என்றார்.

வராந்தாவில் கஜா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கேரி பேக்கில் போட்டுக்கொண்டிருந்தான். ஒற்றைக் கையால். இன்னொரு கை, நான் எறிந்த குச்சியைத் தேடிக் கிடைக்காமல் வெந்த கை.

“சார், அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்தேன். அந்தப் பக்கத்தைச் சாய்கோட்டோடு, குறிப்போடு பிரிண்ட் எடுத்தேன். மேனேஜரின் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் என் கையால் எழுதினேன். ‘லூர்து கட்டிய சங்கிலி நழுவவில்லை. கிரேன் நிற்கவில்லை. நிற்காததை நின்றது என்று காட்டியது என் புரோகிராம். எச்சரிக்கை மணியை அடைத்தவள் நான். குச்சியை எடுத்தவளும் நான்.’

மேனேஜர் படித்தார். “குச்சியா? என்ன குச்சி?” என்றார். பிறகு, “இது வெளியே போனா உங்க வேலை போயிடும், தெரியுதா?” என்றார்.

அதுவரைக்கும் அவரிடம் ஆபீஸ் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள் நான். “வேல பூட்டா பூட்டும் சார். அந்த ஆளு மேல பயிய போடாதீங்க. அவரு காது சரியாத்தான் கேட்டுது. நான்தான் அவர அங்கயே நிக்க சொன்னேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கேட்டுக்குப் போய் அவர் மனைவியிடம், “ஒயுங்காதான்க்கா கட்னாரு. தப்பு என்னுது” என்றேன். அந்த அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

முதலாளி என்னை அந்த வேலையிலிருந்து எடுத்தார். பத்தே நாளில் திரும்ப அனுப்பினார். என் புரோகிராம் வேறு யாருக்கும் புரியவில்லை. அவமானத்திலும் இப்படி ஒரு லாபம்.

திரும்பிப் போனபோது கண்ணாடி அறைக்குள் போகவில்லை. பேனல் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் ஒவ்வொரு வரியும் எந்த ஒயரில் கிளம்பி எங்கே போய் முடிகிறது என்று கஜா காட்டக் காட்ட, விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டாக கான்டாக்டர் போட்டோம், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது பிரியும். திரையில் பெட்டியை அகலமாக்கினேன். ‘நிற்கச் சொல்லியாயிற்று’ மஞ்சளில் வரும். கஜாவின் ஒயரில் சேதி வந்தால்தான் ‘நின்றது’ பச்சையில் வரும். பேனல் தலையில் புதிதாக ஒரு பேட் கைப்பிடி இருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

முதல் லிஃப்ட்

கை ஆறி லூர்து அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்றைக்குத்தான் கிரேனை மறுபடி ஓட்டினோம். தோல் இன்னும் இளம் சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக இருந்தது. சட்டைக் கையை மடிக்காமல் கீழே விட்டிருந்தார்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் பார்த்த கிரேன் முதல் தடவை தூக்கும்போது, ரிப்பேர் பார்த்தவன் தொட்டிக்குப் பக்கத்தில், கிரேன்காரனோடு நிற்க வேண்டும். பிரேக் மாற்றினாலும் சரி, கயிறு மாற்றினாலும் சரி. எந்தக் காகிதத்திலும் கிடையாது. எப்போதும் கஜாதான் நிற்பான். நான் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டதில்லை.

கஜா வழக்கம்போல் போய் நின்றான். லூர்து அண்ணன் நகரவில்லை. கண்ணாடி அறைக் கதவில் கை வைத்திருந்த என்னைப் பார்த்தார்.

“நீயும்தானே ரிப்பேர் பண்ண மேடம்?”

“ஆமாண்ணே.”

“அப்ப அங்க இன்னா வேல? இங்க வா.”

கஜா தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் வைத்தான். பக்கத்தில் ஒரு வெட்டு. அன்றைக்கு அடித்த ஹெல்மெட்.

தொட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை நின்றதே இல்லை. சூடு முகத்தை அறைந்தது. கண் எரிந்தது. மேலே கட்டு ஈரமாகத் தொங்கியது. லூர்து அண்ணன் பட்டனை அழுத்தினார். டக். கட்டு இறங்க ஆரம்பித்தது. இரண்டு ஆள் உயரம். ஒரு ஆள் உயரம். ஒரு முழம். இங்கிருந்து திரை தெரியாது. எனக்குக் காது மட்டும்தான் இருந்தது.

“நிறுத்தறேன்” என்றார்.

அழுத்தினார்.

டக்.

சங்கிலி ஒரு குலுக்குக் குலுங்கி ஆடியது. அவர் சங்கிலியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நின்னுச்சா மேடம்?”

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். கட்டின் அடிமுனையையும் அதற்குப் பின்னால் தெரிந்த தூணில் ஒரு துருப் புள்ளியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். முனை அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை. இன்னும் பார்த்தேன். தாண்டவில்லை.

“நின்னுச்சுண்ணே.”

அவர் பட்டன் பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப நீ இங்கயே இரு” என்றார். “காயட்டும்.”

காய்ந்து முடிகிற வரைக்கும், கட்டுக்குப் பக்கத்தில், நான் அங்கேயே நின்றேன்.